எண்ணெய் பூசிய சாட்டிலைட் பெட்டி

செல்வி, பாபு, கடையில் உங்களோடு வேலை பார்க்கிற மற்ற பிள்ளைகளும் இதைப் படியுங்கள்.

போன வாரம் நான் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். காட்டூரிலிருந்து ஒரு அம்மா உயிர் வராத செட்டாப் பாக்ஸ் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மூடியில் ஸ்க்ரூ சரியாக இல்லை. உள்ளே யாரோ புதிதாக ஒரு ஒயரை இழுத்து ஒட்டியிருந்தார்கள். பாபு அதைப் பார்த்தான். மீட்டரைக்கூட எடுக்கவில்லை. "எவனோ கை வச்சுக் கெடுத்துட்டாம்மா"ன்னு சொல்லிவிட்டான்.

"எங்க மச்சினருதான் பார்த்தாரு"ன்னு அந்த அம்மா சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அந்த மச்சினரிடம் என்ன பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

வாடிக்கையாளர் எதிரில் உங்களைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்து நடையெல்லாம் வராது. பேசுகிற மாதிரியே எழுதினால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். பாபு சொன்ன அதே வார்த்தையை எண்பதுகளில் ஒரு மெக்கானிக் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தைக்குப் பின்னால் போய் நின்றவன் நான்.

அப்போது வீட்டுக்கு வீடு டிவி கிடையாது. ஆந்திர எல்லையை ஒட்டின சில கிராமங்களுக்கு அரசாங்கம் ஊருக்கு ஒரு செட் கொடுத்திருந்தது. சாட்டிலைட்டிலிருந்து நேராக எடுக்கிற செட். வெளியே கம்பி வலை போட்ட பெரிய குடை. உள்ளே டிவி, அதன் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி. குடையில் விழுகிறதை டிவிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். டீகோடர் என்று நாங்கள் சொல்வோம், ஊர்க்காரர்கள் சாட்டிலைட் பெட்டி என்பார்கள். கரண்ட் இல்லாத ஊரில் லாரி பேட்டரியில் ஓடும். இந்த செட்டுகளைப் பராமரிக்கிற கான்ட்ராக்டரிடம் எனக்கு வேலை.

பழவேற்காட்டிலிருந்து வடக்கே, ஏரிக்குள் தீவு மாதிரி இருந்த ஒரு குப்பத்தில் பெட்டி எழவில்லை என்று தகவல் வந்தது. ஐப்பசிப் புயல் அடித்து ஓய்ந்த நேரம். என் மேலதிகாரி கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "மூடில இருக்கற நம்ம முத்திரை உடைஞ்சிருந்தா எதுவும் கேக்காத. பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்துடு. அந்த ஊருக்கு இனிமே செட்டு கிடையாது."

பழவேற்காட்டில் மஸ்தான் பாய் படகில் ஏறினேன். பாய்மரப் படகு, காற்று அவ்வளவாக இல்லை. அவர் வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"பெட்டியப் பாக்கவா போற? அது பெட்டி இல்லப்பா. ஏழுமலை கழுத்துல கட்டின கல்லு."

"யார் ஏழுமலை?"

"அந்த ஊரு ஆளுதான். பொன்னேரில மைக்செட்டு கடையில வேல செஞ்சவன். டிவி சத்தம் வெளியில கேக்கலன்னு பெட்டியத் தெறந்து, சத்தத்த மட்டும் தனியா இஸ்து, பனமரத்துல கூம்பு ஸ்பீக்கரு கட்டிட்டான். சோக்கா கேக்கும். வானிலை சொன்னா எம் படகு வரைக்கும் கேக்கும். புயலுக்கு அப்புறம் பெட்டி செத்துப் போச்சு. சூலூர்ப்பேட்டையிலேர்ந்து ஒரு மெக்கானிக்க இட்டாந்தாங்க. மூடியத் தெறந்தான். இதுல கை வச்சவன்தான் கெடுத்தான்னு சொன்னான். மூடிட்டான். கோழிக் கொழம்பு துன்னுட்டுப் பூட்டான்."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? ஏழுமலை ஊட்டுப் பாட்ட நிறுத்திட்டாங்க. பெட்டி பேசற வரைக்கும் அவன் வலை எறங்கக் கூடாது."

பாடு என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில்தான் இறால் ஓடும். அங்கே நினைத்தவர் நினைத்தபோது வலை கட்ட முடியாது. கோயிலில் சீட்டுப் போட்டு எந்த வீட்டுக்கு எந்த முறை என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். நிலம் வைத்திருப்பவனுக்கு நிலம் எப்படியோ, அவர்களுக்குப் பாடு அப்படி. மழை பெய்து முகத்துவாரம் திறந்து இறால் ஓடுகிற காலம் அது. அந்த நேரத்தில் பாட்டை நிறுத்தினால் அந்த வீட்டில் அடுத்த மழை வரைக்கும் அடுப்பு எரிவது கஷ்டம்.

கரை நெருங்கியபோது ஆழமில்லாத இடத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் தேடிக்கொண்டிருந்தார். கழுத்தில் இறாலைப் போட்டுக்கொள்ள ஒரு ஓலைப் பறி தொங்கியது. மஸ்தான் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதான் ஏழுமலை. வலை இருந்தும் கையால தடவறான் பாரு."

அவர் நிமிர்ந்து என் கையிலிருந்த டூல்ஸ் பையைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

ஊர்த்தலைவர் வீட்டில்தான் பெட்டி இருந்தது. தலைவர் நல்ல மனுஷன், அதிகம் பேசாதவர். அவர் சம்சாரம் அஞ்சலை அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, பெட்டியின் மேல் போட்டிருந்த துணியை, தூங்குகிற குழந்தையின் போர்வையை எடுக்கிற மாதிரி எடுத்தார்கள்.

முதலில் வெளியே போய்க் குடையைப் பார்த்தேன். புயலில் கம்பி வலை கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தையெல்லாம் நைலான் நூலால் அழகாகப் பின்னி வைத்திருந்தார்கள், மீன் வலையைப் பழுது பார்க்கிற மாதிரியே. நைலானால் அங்கே ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அதை அறுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. அதன் மேலேயே கம்பி வைத்துக் கட்டினேன்.

பிறகு டிவி, பேட்டரியோடு பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கி வரச் சொன்னேன். வலை பின்னுகிற கொட்டகை, வெளிச்சம் நன்றாக இருக்கும். ஊரே வந்து சுற்றி உட்கார்ந்தது. ஏழுமலையும் கால் சேறு காயாமல் வந்து ஓரமாக நின்றார். அவர் சம்சாரம் தேசம்மா மட்டும் நேராக முன்னால் வந்து உட்கார்ந்தது.

முத்திரை உடைந்திருந்தது. மூடியைத் திறந்தேன். கம்பெனி வேலைக்கு நடுவில், மைக்செட்டிலிருந்து எடுத்த சின்ன போர்டு ஒன்று. அதன் மேல் மெழுகை உருக்கி ஊற்றி மொத்தமாக மூடியிருந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் விரல் அங்கேதான் போகும். எனக்கும் போயிற்று.

"இன்னா சார், அதுதான?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"வாய மூடிகினு இருடா. அவரு இன்னும் குந்தவே இல்ல" என்றது தேசம்மா.

தலைவர் கேட்டார்: "யாரு கை பட்டுக் கெட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க சார். ஊருக்கு அது தெரியணும்."

பிள்ளைகளே, வேலையில் இந்தக் கேள்விதான் நமக்கு முதலில் வரும். யாரு? இன்னா கெட்டுச்சுன்னு ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். நாம் யாரு என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் நம் கண்ணே அந்த ஆளைத்தான் தேடும். "இன்னா கெட்டுச்சுன்னு எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்ச பிறகு சொல்றேன்" என்றேன். தலைவர் சரி என்று தலையாட்டினார்.

மெழுகு போர்டை விட்டுவிட்டு பேட்டரி ஒயரிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்விட்ச் வரைக்கும் வோல்டேஜ் வருகிறது. ஸ்விட்சைத் தாண்டி வரவில்லை. ஸ்விட்சைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்த வாடை.

மீன் எண்ணெய். காலையிலிருந்து அந்த வாடையில்தான் இருக்கிறேன். படகில், வீட்டில், ஆட்கள் மேல், எல்லா இடத்திலும். அதனால் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று உறைக்கவே இல்லை. விரலால் தொட்டேன். பிசின் மாதிரி ஒட்டியது. செருகுகிற இடம், ஸ்விட்சு முனை, எங்கெல்லாம் உலோகம் பளபளக்குமோ அங்கெல்லாம் ஒரு படலம். படம் எடுத்துக் கொடுக்கிற போர்டில் அதே பிசினோடு உப்பு சேர்ந்து, ஒரு இடம் கருகிப் போயிருந்தது.

"புயல் அன்னிக்குப் பெட்டி எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அஞ்சலை அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லக் காத்திருந்த மாதிரி.

"என் தலைமேலதான் சார் இருந்துச்சு. ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. இவரு அரிசிய எடுடி, அரிசிய எடுடின்னு கத்தறாரு. நான் கேக்கல. அரிசி போனா இன்னொரு மூட்ட வாங்கலாம், ஊருப் பொருள் போனா யாரு குடுப்பா? பெட்டியத் தலையில வச்சுகினு மார்பளவு தண்ணில கோயில் மேட்டுக்குப் போனேன். அப்பவும் பாவி அலை ஒண்ணு மேல அடிச்சுடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? உப்புத் தண்ணிய உட்டா துன்னுடும் இல்ல? மூடியக் கழட்டி, குடிக்க வச்சிருந்த நல்ல தண்ணியில கழுவினேன். ஊரே தண்ணிக்கு அலையுது, நான் ஒரு கொடத்த இதுக்கு ஊத்தினேன். காயவச்சேன். காஞ்சப்புறம் பஞ்சுல தொட்டு எண்ணெ பூசினேன். எங்க படகுக்குப் பூசறதுதான். இரும்பு கண்ட இடம் ஒண்ணு உடல சார்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கடல் தொட்டதை நல்ல தண்ணீரில் கழுவு, எண்ணெய் பூசு. படகு, நங்கூரம், அரிக்கேன் விளக்கு எல்லாம் அப்படித்தான் அவர்களிடம் பிழைத்துக் கிடக்கின்றன. அதனால்தான் ஒருத்தருக்கும் அது சந்தேகமாகப் படவில்லை. கழுவினது சரி. கழுவாமல் விட்டிருந்தால் பெட்டி மொத்தமாகவே போயிருக்கும். பூசினதுதான் வினை.

அந்த அம்மா முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் ஓரமாகச் சேற்றுக் காலோடு நிற்கிறவர் அப்படியே நிற்பார்.

தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கொஞ்சம் வாங்க" என்று படகுகள் ஏற்றி வைத்திருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"எண்ணெயா?"

"ஆமாங்க."

தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ அன்னிக்கு செத்திருப்பா சார். அலை அவளயும் இஸ்துகினு போச்சு. பெட்டிய உடல." பிறகு என் பக்கம் திரும்பி, "பெட்டி பழசாயிடுச்சு, அதான் நின்னுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. ஏழுமலைக்குப் பாட்ட நான் நாளைக்கே குடுத்துடறேன். யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வீடும் பிழைக்கிறது. ஒரு சின்னப் பொய். நம் தொழிலில் தினமும் சொல்கிற பொய்தானே அது, பழசாயிடுச்சு என்பது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். படகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேசம்மா வந்தது. எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது.

"மாமா, நீங்க பாட்டக் குடுத்துடுவீங்க. நீங்க நல்லவரு. நாளைக்குப் பெட்டி மறுபடி நின்னா? அன்னிக்கும் ஊரு எங்க ஊட்டத்தான பாக்கும்? டிவில கோடு உழுந்தாக்கூட ஏழுமலைன்னுதான சொல்லும்?" பிறகு என்னைப் பார்த்தது. "சார், எங்க ஊட்டுக்காரரு பேச மாட்டாரு. நான் கேக்கறேன். இன்னா கெட்டுச்சோ அதச் சொல்லிட்டுப் போங்க. அவருதான் கெடுத்தாருன்னா அதயும் சொல்லுங்க. பாடு இல்லாம கூட நாங்க தடவித் துன்னுக்கறோம்."

நான் திரும்பிப் போய் வேலையில் உட்கார்ந்தேன். கை வேலை செய்யும்போதுதான் எனக்கு யோசனை வரும்.

ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு ஸ்விட்சையும் முனைகளையும் துடைத்தேன். கருகின இடத்துக்கு மாற்றுப் பொருள் என்னிடம் இல்லை, ஆகவே படம் வராது என்று தெரியும். சத்தமும் வராது என்றுதான் நினைத்தேன். ஏழுமலையைக் கூப்பிட்டேன். "உங்க ஒயரு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவர் அன்று என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். "படத்துக்குப் பிரியறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன் சார்."

"மெழுகு எதுக்கு?"

"பொன்னேரில மழையில நனைஞ்சு நனைஞ்சு ஆம்ப்ளிஃபயரு போயிடும். அதுக்கு ஊத்துவோம். அந்தப் பழக்கம்."

மெழுகை ஒரு ஓரத்தில் கீறிப் பார்த்தேன். உள்ளே உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஈயம் வைத்த இடம் வெள்ளி மாதிரி இருந்தது.

சாயங்கால நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரம் பார்த்து பேட்டரியைக் கொடுத்தேன். டிவி இருட்டாகவே இருந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. குடையைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். இன்னும் கொஞ்சம். திடீரென்று பனைமரத்து உச்சியில் கூம்பு கரகரத்தது. அப்புறம் தெலுங்கில் ஒரு பெண் குரல், யாரோ விவசாயிக்கு நாற்று நடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளெல்லாம் கத்திக்கொண்டு பனைமரத்துக்கு ஓடின. நாற்றுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்! பெரியவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் இருண்ட டிவியையும் என்னையும் பார்த்தார்கள்.

தலைவர்தான் கேட்டார், சம்சாரத்தைப் பார்க்காமல். "சொல்லுங்க சார். இன்னா கெட்டுச்சு?"

யாரு என்று கேட்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்தப் பதிலில் எதை முதலில் சொல்வது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டேன்.

"அஞ்சலை அம்மா தண்ணியிலேர்ந்து தூக்கி, நல்ல தண்ணியில கழுவலன்னா இந்தப் பெட்டி இன்னிக்குக் கூம்புல கூடப் பேசாது. எங்க ஆபீஸ்ல படிச்சவங்க யாரா இருந்தாலும் முதல்ல கழுவத்தான் சொல்வாங்க. கழுவினப்புறம் பூசின எண்ணெய், படகுக்கு நல்லது, இதுக்கு ஆவாது. கரண்ட்ட உடாது. அதான் பெட்டி நின்னுச்சு, படமும் போச்சு. ஏழுமலை மெழுகு ஊத்தின இடத்துல எண்ணெ போவல. அந்த இடம் மட்டும்தான் இப்ப பேசுது. அவரு கை வச்சதால எதுவும் கெடல."

கூம்பில் அந்தப் பெண் நாற்றைப் பற்றிப் பேசி முடிக்க, ஏதோ பாட்டு ஆரம்பித்தது. அஞ்சலை அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார்கள். முந்தானையில் துடைத்தார்கள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்கள்.

"என் கையா?" என்றார்கள்.

தலைவர் எழுந்து நின்றார். "ஏழுமலை ஊட்டுப் பாடு நாளையிலேர்ந்து அவங்களுக்கு. தப்பா நிறுத்தினது நானு. பெட்டியக் கெடுத்த ஊட்டுக்குப் பாடு இல்லன்னு சொன்னதும் நான்தான். அதனால எங்க ஊட்டுப் பாடு..."

அவர் முடிக்கவில்லை. தேசம்மா நடுவில் எழுந்துவிட்டது. "மாமா, நிறுத்துங்க. எங்க பாடு எங்களுக்கு, உங்க பாடு உங்களுக்கு. அத்தை அன்னிக்குப் பெட்டியத் தூக்கினு போனப்ப, எங்க பொண்ண இடுப்புல வச்சுகினு அவங்க பொடவையப் புட்சிகினுதான் நான் தண்ணியத் தாண்டினேன். அவங்க ஊட்டுல வலை எறங்கலன்னா எங்க ஊட்டுல சோறு எறங்குமா?"

ஏழுமலை கழுத்துப் பறியைக் கழற்றிக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

ஆபீசுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன், முத்திரை உடைந்திருந்ததையும் சேர்த்து. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் மேலதிகாரி கடைசியில், "கூம்பு எவ்வளவு தூரம் கேக்குது?" என்று கேட்டார். சொன்னேன். சத்தத்துக்குப் பெட்டிக்கு வெளியிலேயே ஒரு செருகுமுனை வைத்துக் கொடுத்தால் யாரும் முத்திரையை உடைக்க வேண்டியதில்லையே என்றும் சொன்னேன். தை மாதம் வேறு பெட்டி வந்தபோது பின்பக்கம் அந்த முனை இருந்தது.

அதை நான்தான் கொண்டுபோனேன். மஸ்தான் பாய் படகுதான். முகத்துவாரத்துப் பக்கம் வலைகள் கட்டியிருந்தன. "அந்தக் கடைசி வலை ஏழுமலையுது. இன்னிக்கு அவன் பாடு" என்று பாய் கையைக் காட்டினார்.

தலைவர் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினேன். அஞ்சலை அம்மா வெளியே வந்தார்கள். பெட்டியை உள்ளே கொண்டுபோகவில்லை. சும்மாடு கூட்டித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மணலில் நேராக நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். ஏழுமலை வீட்டு வாசலில் நின்று, "தேசம்மா, எறக்கு" என்றார்கள்.

தேசம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னா அத்தை, ஊருப் பொருள இங்க கொண்டாந்துட்ட?"

"இனிமே இங்கயே இருக்கட்டும். தண்ணி வந்தா சொல்லு, நான் வந்து தூக்கறேன்." இரண்டு பேருமாகப் பெட்டியை இறக்கினார்கள். அஞ்சலை அம்மா கையை எடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். "தொடைக்கறது மட்டும் உன் ஊட்டுக்காரரு தொடைக்கட்டும்."

பாபு, காட்டூர் அம்மாவின் பாக்ஸ் இன்னும் உன் மேசையில்தான் இருக்கிறது. நேற்று பார்த்தேன். அதைத் திறந்து இன்னா கெட்டுச்சுன்னு பார். பார்த்துவிட்டு அவர்களுக்கு நீயே போன் செய். மச்சினர் ஒட்டின ஒயர் சரியாக இருந்தால், அதை அந்த மச்சினரிடமும் சொல்.